மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் சொன்ன பொய்

அவளுக்குக் கணக்குப் பாடத்தில் 'சி' சித்தி, அதாவது 'சி' தரத்தில் தேர்ச்சி, கிடைத்த அன்று நான் பாடசாலைக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்து, சந்தோஷம் தாங்க முடியவில்லை என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் பிறந்தோம். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் அவள் மற்ற எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்து கணக்கில் மட்டும் தவறினாள். நானும் கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் தப்பினேன். நான் உயர்தரம் படித்தேன், ஆசிரியர் நியமனம் பெற்றேன், எங்கள் தோட்டப் பாடசாலைக்கே தமிழ் படிப்பிக்க வந்தேன். அவள் அடுத்த வருஷமே தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். இப்போது இரண்டு பேருக்கும் முப்பத்தாறு வயது.

அவள் இருக்கும் லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, எங்கள் லயத்துக்குக் கீழே. காலையில் நான் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது அவள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவாள். போகிற போக்கில் மேலே பார்த்துக் கையசைப்பாள். ஆட்கள் முன்னால் என்னை 'டீச்சர்' என்பாள். தனியாக இருந்தால் வெறும் 'புள்ள'தான். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று, நான் சொல்லப்போகும் அந்த வருஷம் வரைக்கும் நான் யோசித்ததில்லை. அவள் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் நான் உயரமாகத் தெரிந்தேன். அதுதான் காரணம். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஜனவரியில் ஹட்டனில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வருஷத் தொடக்கத்தில் மூன்று இலக்குகளை எழுதுங்கள், எழுதினால் மட்டும் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பாருங்கள், தனியாகப் பார்த்தால் சாக்குச் சொல்லிக்கொள்வோம், ஆகவே இன்னொருவர் முன்னால் வாசியுங்கள் என்றார் வகுப்பு நடத்தியவர். எனக்கு உடனே அவள் ஞாபகம்தான் வந்தது. பஸ் ஏறுவதற்கு முன் கடையில் கெட்டி மட்டை போட்ட இரண்டு கொப்பிகள் வாங்கினேன். அவளைக் கைதூக்கிவிடப் போகிறேன் என்ற நினைப்பில் வழியெல்லாம் மனம் நிறைந்திருந்தது.

கொப்பியைக் கொடுத்தபோது அவள் சிரித்தாள்.

"எனக்கென்னா புள்ள இலக்கு? ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து. அதத்தான் அவங்களே எழுதி வச்சிருக்காங்களே."

"யோசிச்சுப் பாரு. ஞாயித்துக்கெழம கொண்டா."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது காம்பரா என்கிற அறைக்கு முன்னால் உள்ள அந்தச் சின்னத் திண்டில், கொப்பியும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். முதலில் நான் வாசித்தேன். ஒன்று, சிங்களம் எழுதப் படிக்கக் கற்றுப் பரீட்சையில் சித்தியடைவது. இரண்டு, பாதியில் நிற்கும் டிப்ளோமாவின் ஆய்வுக் கட்டுரையை முடிப்பது. மூன்று, ஸ்கூட்டர் லைசன் எடுப்பது. ஸ்கூட்டர் ஏற்கெனவே இருந்தது. ஹட்டனில் வேலை செய்யும் என் கணவர் சனிக்கிழமை வந்து ஓட்டுவார். மற்ற நாட்களில் அது சும்மா நிற்கும். எங்கள் ரோட்டு வளைவுகளைப் பார்த்தாலே எனக்கு அதில் ஏறத் தோன்றாது.

அவள் தன்னுடையதை வாசித்தாள். "ஒண்ணு, கணக்குப் பரீட்ச. பாஸ் பண்ணிட்டா பிள்ளக் காம்பராவுல வேலைக்குக் கேக்கலாம்." வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே இருந்த அம்மா ஓய்வுபெறப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். "ரெண்டு, ஸ்கூட்டர் லைசன்."

"எந்த ஸ்கூட்டர்ல?"

"ஒன் ஸ்கூட்டர்லதான். வேற எங்க போறது?"

இருவரும் சிரித்தோம். மூன்றாவதை அவள் கொஞ்சம் தயங்கி வாசித்தாள். "கொழுந்து மலையில பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூசு."

"இது தனிப்பட்ட இலக்கு இல்லடி. தோட்டத்துப் பிரச்சின."

"காலையில ஏறுனா பின்னேரம் வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கிறது யாரு? தோட்டமா, நானா?"

அவளுடைய பரீட்சை விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். எங்கள் பாடசாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த கணித ஆசிரியரிடம் கேட்டுப் பழைய வினாத்தாள்களும் வாங்கிக் கொடுத்தேன். புரியாததை அவள் அவரிடமே போய்க் கேட்டுக்கொள்வாள். அப்போதெல்லாம் எனக்கு அவள்மேல் எந்த எரிச்சலும் இல்லை. அவள் பாஸ் பண்ண மாட்டாள் என்று உள்ளுக்குள் உறுதியாக இருந்ததுதான் அதற்குக் காரணம்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பக்கத்து மைதானத்துக்கு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனோம். என் கணவர் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். நான் ஏறினேன், இரண்டு கால்களையும் தரையில் இழுத்துக்கொண்டு பத்தடி போனேன், நிறுத்தினேன். மறுபடி பத்தடி. பிறகு அவள் ஏறினாள். சரிவில் முதுகுச் சுமையோடு இருபது வருஷம் கால் வைத்துப் பழகியவள். முதல் சுற்றில் ஆடினாள். இரண்டாவது சுற்றில் நிமிர்ந்தாள். மூன்றாவது சுற்றில் ஒரு கையை விட்டுச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். பந்து விளையாட வந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அதில் ஒருவன் கத்தினான்:

"டீச்சர் ஸ்கூட்டர டீச்சர விட அக்காதான்டா நல்லா ஓட்டுது!"

என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சுடுதண்ணீர் ஊற்றியதுபோல இறங்கியது. அதன் பெயர் என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வெயில் என்று நினைத்தேன். அன்று வெயிலே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து கேட்டபோது, "பிரேக் போயிருச்சு. ரிப்பேரு பண்ணணும்" என்றேன். யோசிக்காமலேயே வாய் சொல்லிவிட்டது. அவள் போனதும் ஸ்கூட்டரை வீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் நீலப் பொலித்தீன் விரிப்பைப் போட்டு மூடினேன். கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் விரிப்பை எடுத்துவிட்டு எப்போதும்போல ஓட்டிக்கொண்டு போனார். நான் திரும்ப மூடினேன்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து முதல் தடவை கொப்பிகளைத் திறந்தோம். அவள் பதினொரு வினாத்தாள் செய்திருந்தாள். கடைசி மூன்றில் பாதிக்கு மேல் புள்ளி. அட்சரகணிதம் பிடிபட்டுவிட்டதாம், வட்டம் சம்பந்தப்பட்ட தேற்றங்கள்தான் இன்னும் குழப்பமாம். ஸ்கூட்டர் என்ற இடத்தில் 'ரிப்பேர்' என்று எழுதியிருந்தாள். கக்கூசு விஷயமாகத் தன்னோடு கொழுந்து பறிக்கும் நான்கு பெண்களிடம் பேசியிருக்கிறாள்.

"ஒன்னுது?"

என் கொப்பியில் ஒன்றுமில்லை. சிங்களப் புத்தகத்தில் மூன்று பாடத்தைப் புரட்டிப் பார்த்து மூடிவைத்துவிட்டேன். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பை மாற்றினேன், அவ்வளவுதான். ஆனால் நான் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். பன்னிரண்டு பாடம் முடித்துவிட்டேன் என்றேன். இரண்டாம் அத்தியாயம் எழுதிவிட்டேன் என்றேன்.

"ஆத்தாடி! எப்பிடி புள்ள நேரம் கெடைக்குது ஒனக்கு?" என்றாள்.

அவள் போன பிறகு, சொன்னதையெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அன்றைய திகதியும் போட்டேன்.

பரீட்சை மே மாதத்தில் வந்தது. கணக்குப் பரீட்சை அன்று விடியும்போதே மழை. பொகவந்தலாவைக்குப் போகிற காலை பஸ் வரவில்லை, கீழே எங்கோ மண் சரிந்துவிட்டது என்றார்கள். அவள் நனைந்துகொண்டே எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள். பேனைகளையும் அடையாள அட்டையையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"ஸ்கூட்டர் சரியாயிருச்சா புள்ள? சின்ன ரோட்டால போயிருவேன். எனக்கு ஓட்டத் தெரியும்."

"இன்னும் இல்லயே" என்றேன்.

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்றாள். திரும்பித் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் ஓடினாள். ஓடிப் போனாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும் பாதை.

நான் கதவில் சாய்ந்து நின்றேன். அவள் தலை செடிகளுக்கு மேலே தெரிந்து தெரிந்து மறைந்தது. கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. கையை வாயில் குவித்துக் கூவினால் கேட்கும் தூரம்தான். மழையில் அந்த வளைவுகளில் ஓட்டினால் ஆபத்து, அவளிடம் லைசனும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அது இல்லை. அவள் தாமதமாகப் போக வேண்டும் என்று இருந்தது. வாசலில் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அவள் அழுதுகொண்டு வர வேண்டும், நான் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல வேண்டும். சொல்லப்போகிற வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்துவிட்டேன்.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாதி வழியில், குறுக்குப் பாதை சின்ன ரோட்டைத் தொடும் இடத்தில், ஒரு மரக்கறி லொறி நிறுத்தி ஏற்றிக்கொண்டதாம். லீக்ஸ் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து போனாளாம். காலில் ஏறியிருந்த அட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரத்தம் வழிந்தபடியே பரீட்சை எழுதினாளாம். ஜூலையில் கொப்பி திறந்தபோது இதையெல்லாம் சொன்னாள். வழக்கம்போலச் சிரிக்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை, என் பொய்யை வாசிக்கும் அவசரத்தில் இருந்தேன். அவள் கொப்பியில் ஸ்கூட்டர் என்ற இடத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது.

"தோட்டத்து நர்ஸம்மா அவங்க ஸ்கூட்டர தாராங்க. எழுத்துப் பரீட்சைக்கும் பணம் கட்டிட்டேன்."

என் ஸ்கூட்டரைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இல்லை, அவமானமாக இருந்தது. பாடசாலைக்கு நடந்து போகும்போது பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் திரும்பாமலே அது அவள்தான் என்று தெரியும். எழுத்துப் பரீட்சையில் தேறி, பயிற்சி அனுமதியும் வாங்கி, சிவப்பு 'எல்' பலகை மாட்டிய வண்டியில் நர்ஸம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவாள். ஹார்ன் அடித்துப் போவாள். அந்த ஹார்ன் சத்தத்தை நான் வெறுத்தேன். அவளுக்கு ஏதாவது ஒன்றாவது நடக்காமல் போகாதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பரில் பரீட்சைப் பெறுபேறு வந்தது. இடைவேளையில் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள், மலையிலிருந்து நேராக, கைவிரல்கள் தேயிலைக் கறையோடு. போனைக் கணித ஆசிரியரிடம் நீட்டினாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"சி எடுத்திருக்கிறா! இருபது வருசத்துக்குப் பிறகு, மலையில வேலையும் செய்துகொண்டு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், நீங்கள்தானாம் கொப்பி வாங்கிக் குடுத்துத் தொடக்கிவிட்டது. எப்ப பாத்தாலும் உங்களைப் பற்றித்தான் சொல்லுவா."

அப்போதுதான் நான் கழிப்பறைக்குப் போனேன்.

அவள் தோற்றிருந்தால் அழுதிருக்க மாட்டேன். அவள் நன்றி கெட்டவளாக இருந்திருந்தாலும் அழுதிருக்க மாட்டேன். அவள் என்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அவள்மேல் கோபப்பட ஒரு காரணம்கூட வைக்கவில்லை.

ஒக்டோபரில் கொப்பி திறக்கிற ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி அவளை வரவேண்டாம் என்றேன். அந்த மாதத்தில்தான் அவளும் அந்த நான்கு பெண்களும் கக்கூசு கேட்டு, தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்குப் போனார்கள். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவை துரை இறங்கிவந்து பேசினார். நவம்பர் கடைசியில் மலை ஓரத்தில் தகரம் அடித்து, தண்ணீர்க் குழாயும் இழுத்து, ஒரு கக்கூசு கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பின்னேரம் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்தேன். சின்னது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். தனிப்பட்ட இலக்கு இல்லை என்று நான் சொன்ன இலக்கு.

டிசம்பர் கடைசி ஞாயிறு. இந்தத் தடவையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கலாம் என்று இருந்தேன். அவளே ஏறி வந்துவிட்டாள். இஸ்தோப்பில் உட்கார்ந்து கொப்பியைப் பிரித்தாள். மூன்று இலக்குகளுக்கும் நேரே 'முடிந்தது' என்று எழுதியிருந்தது. லைசன் அட்டையை எடுத்துக் காட்டினாள். படத்தில் கண்ணை மூடியிருந்தாள்.

"இப்ப நீ வாசி."

நான் வாசித்தேன். சிங்களப் பாடங்கள். ஐந்தாம் அத்தியாயம். வாசித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

"இதெல்லாம் பொய்" என்றேன். "ஒண்ணும் செய்யல. ஸ்கூட்டரும் கெட்டுப்போகல."

அவள் தன் கொப்பியை மூடினாள்.

"தெரியும். சனிக்கெழம சனிக்கெழம ஒங்க வீட்டுக்காரரு அதுலதானே பஸாருக்குப் போறாரு. நான் என்னா கண்ணு தெரியாதவளா?"

"அப்ப... பரீட்ச அன்னைக்கு?"

"அன்னைக்கும் தெரியும். வாயால கேட்டா நீ மனசு எறங்குவன்னு நெனச்சேன். எறங்கல." மழையில் ஓடியதை நினைத்ததாலோ என்னவோ கால்களை உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள். "லொறியில ஏறுற வரைக்கும் ஒன்னைய ஏசிக்கிட்டேதான் போனேன். இவளுக்காகவே பாஸ் பண்ணிக் காட்டணும்னு வைராக்கியம் வந்திருச்சு."

"கணக்கு சார்கிட்ட என்னையப் பத்தி நல்லாச் சொன்னியே?"

"கொப்பி வாங்கிக் குடுத்தது நீதானே. அது உண்மைதானே. மத்ததச் சொன்னா எனக்குத்தான் அசிங்கம், இப்பிடி ஒரு கூட்டாளின்னு."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைத் தொடவில்லை.

"பொறாமையா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"எனக்கு இருவது வருசமா இருக்கு" என்றாள். "தெனமும் காலையில கையக் காட்டிட்டுத்தானே போறேன். நீ சேலையும் ஹேண்ட்பேக்குமா நிப்ப. பெரட்டு வரைக்கும் வயிறு எரியும். ஆனா நான் ஒனக்கு ஒரு கெடுதல் பண்ணல. நீ பண்ணிட்ட." கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மன்னிச்சிட்டேன்னு சொல்லத் தோணல புள்ள. சொன்னா அதுவும் பொய்யாத்தான் இருக்கும்" என்றாள்.

எழுந்து போனாள். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

ஜனவரியில் பிள்ளைக் காம்பரா வேலை அவளுக்குக் கிடைத்தது. காலையில் கையசைப்பது நின்றுவிட்டது, அவளுக்கு இப்போது வேறு வழி. அந்த மாதமே கேள்விப்பட்டேன், துரை பங்களாவுக்குப் போன அந்த நான்கு பெண்களுக்கும் ஆளுக்கொரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஏப்ரலில் பிள்ளைக் காம்பராவில் கூடிப் பார்க்கப் போகிறார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குத் திரும்பவும் அந்தச் சுடுதண்ணீர் இறங்கியது. என் யோசனையை எடுத்துக்கொண்டுபோய், என்னை விட்டுவிட்டு, தான் தலைவியாக உட்காருகிறாள் என்று மூன்று மாதம் கருவினேன். அழுதால் போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. பெயர் மட்டும் தெரிந்துவிட்டது.

அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"நாளைக்கு வர்றியா? ஒருத்திக்கு எழுதத் தெரியாது. எழுதிக் குடுக்க ஆள் வேணும்."

அதற்குத்தானா என்று வாய்வரை வந்தது. "வாறேன்" என்றேன்.

தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுதத் தெரியாத அந்த அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், வருஷம் முடிவதற்குள், அதுதான் அவருடைய இலக்கு. முதல் எழுத்து வந்துவிட்டதாம். விரலால் பாயில் எழுதிக் காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

எல்லோரும் வாசித்து முடித்ததும் அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொப்பியே இல்லாமல்தான் நான் போயிருந்தேன்.

"சிங்களம் படிக்கணும்னு இருக்கேன்க்கா. ஒரு பாடம்கூட முடிக்கல" என்றேன்.

தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் எழுந்து போய் அதை ஆட்டிவிட்டு வந்தாள். தன் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து, பேனையையும் சேர்த்து, என் முன்னால் வைத்தாள்.

"எழுது. திகதியும் போடு" என்றாள்.